ஏரியல் வடம் செல்லும் வழி



வீட்டிலே அமர்ந்து வானொலி கேட்பதற்கும், ஓடும் வண்டியிலே அமர்ந்து வானொலி மூலம் பேசுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னதில் நாம் கேட்பவர்கள் மாத்திரமே. பின்னதில் நாம் கேட்பவர்களாகவும் பேசுபவர்களாகவும் இருக்கின்றோம். கேட்பதோடு மறுமொழியும் அனுப்பவல்ல இக்கருவியை இருவழி வானொலி என்பர். பொலிசாரும், தீயணைப்புப் படையினரும், காட்டிலாகாவினரும், அனர்த்த காலங்களிலே நிவாரணப் பணி செய்வோரும் இதனை வண்டிகளிலே பொருத்தி வைத்திருக்கின்றனர். பின்புறத்திலே திறந்த தட்டும் முன்புறத்திலே மூடிய அறையும் கொண்ட பிக்கப் வண்டி, அதாவது நம் நாட்டார் கெப் என்று வழங்கும் வண்டி, இத்தகைய பணிக்கு மிகவும் ஏற்றது. வெள்ளத்திலும் சேற்றிலும் செல்லும், பொருளும் ஏற்றும், ஆளும் ஏற்றும்.

இத்தகைய வண்டியிலே வானொலியைப் பொருத்துவோர், கருவியின் விலை, அதன் வலு, அது செய்த நாடு ஆகியவற்றை ஆர்வத்தோடு விசாரிப்பர். ஏரியலின் உயரத்தையும் பார்ப்பர். ஆனால், ஏரியலையும் கருவியையும் இணைக்கின்ற வடம் எவ்வழியாகச் செல்கின்றது என்று கேட்போர் சிலரே. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்த வடமே. நான் கலைத்துறையிற் பட்டம் பெற்ற ஓர் ஆசிரியன், பொறியியலாளன் அல்லேன். ஆயினும் பயன்படுத்துவோன் அறிந்திருக்க வேண்டியவற்றை, அறிந்தோரிடம் கேட்டும் கண்ணாற் கண்டும் தெரிந்துகொண்ட அளவிலே கூறுகின்றேன்.

வண்டியிலே வானொலி ஏறிய வரலாறு சுவையானது. 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெற்றொயிற் நகரப் பொலிசார் தங்கள் கார்களிலே வானொலி வாங்கிகளைப் பொருத்தினர். நிலையத்திலிருந்து வரும் கட்டளையைக் காரில் இருப்பவர் கேட்கலாம். ஆனால் மறுமொழி கூற இயலாது. கட்டளை கிடைத்ததோ இல்லையோ என்று நிலையத்தார் அறியமாட்டார். 1933ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி மாநிலத்தைச் சேர்ந்த பயோன் என்ற நகரிலே, காரிலிருந்தே திரும்பப் பேசக்கூடிய ஏற்பாடு செய்யப்பட்டது. பின்னர் 1940ஆம் ஆண்டில் கனெக்ரிகற் மாநிலப் பொலிசார், பேராசிரியர் டானியேல் நோபிள் அமைத்துக் கொடுத்த திட்டத்தின்படி, மாநிலம் முழுவதிலும் இருவழித் தொடர்பை ஏற்படுத்தினர். இன்று வண்டிகளில் உள்ள இருவழி வானொலிகள் அந்த வழியில் வந்தவையே.

கையடக்கத் தொலைபேசி எல்லோர் கையிலும் இருக்கும் இக்காலத்தில் இது எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளைத் தாக்கியபோது, அம்பாந்தோட்டைப் பகுதியிலே தொலைபேசித் தொடர்புகள் அறுந்து போயின. அவ்வேளையில், இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த பொழுதுபோக்கு வானொலியாளர்கள் சிறு கருவிகளோடு அங்கு சென்று, கார் பற்றறியின் மின்னைக்கொண்டு, குற்றலை வழியாகக் கொழும்போடு பேசினர். கோபுரங்களும் மின்சாரமும் வலையமைப்பும் ஒருங்கே இயங்கினால்தான் கையடக்கத் தொலைபேசி பேசும். இருவழி வானொலிக்கோ இரு முனைகளிலும் ஒரு கருவி, ஒரு பற்றறி, ஓர் ஏரியல், ஒரு வடம் ஆகியவை போதும். அந்நான்கில் எளிதிற் கெடுவதும், கெட்டது தெரியாமலிருப்பதும் வடமே.

வடத்தின் அமைப்பை முதலிற் பார்ப்போம். இதனை ஓரச்சு வடம் என்று பாடநூல்கள் கூறும். நடுவிலே ஒரு செப்புக் கம்பி. அதனைச் சுற்றி வெண்ணிறமான பொலித்தீன் உறை. அவ்வுறையின் மேல் மெல்லிய செப்பிழைகளாற் பின்னிய வலை. எல்லாவற்றிற்கும் வெளியே கறுப்புத் தோல். நடுக்கம்பியும் வலையும் ஒரே அச்சைக் கொண்டிருத்தலின் ஓரச்சு வடம் என்பது காரணப் பெயர். 1880ஆம் ஆண்டிலே ஒலிவர் ஹெவிசைட் என்ற ஆங்கிலேய அறிஞர் இவ்வமைப்பிற்குக் காப்புரிமை பெற்றார். நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையேயுள்ள தூரம் எங்கணும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அந்த அளவே வடத்தின் தன்மையை நிருணயிக்கின்றது. இருவழி வானொலிக்கு 50 ஓம் வடம் வேண்டும். தொலைக்காட்சிக்கு இழுக்கும் வடம் பார்வைக்கு ஒத்திருப்பினும் 75 ஓம் கொண்டது. வீட்டில் மிஞ்சிக் கிடக்கின்றது என்று அதனை எடுத்து வண்டியிற் பூட்டுதல் முறையன்று.

வயலுக்கு நீர் பாய்ச்சும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்திலே நீர் நிறைந்திருக்கலாம். வாய்க்கால் நீண்டு, வளைந்து, கரை உடைந்து கிடந்தால் கடைசி வரம்பிற்கு எவ்வளவு நீர் போய்ச் சேரும்? வடமும் அவ்வாறே. ஆர்.ஜி.-58 என்னும் மெல்லிய வடமே வண்டிகளிற் பெரிதும் பயன்படுவது. அதன் பருமன் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர். 150 மெகாஹேர்ட்ஸ் அளவிலே பேசும்போது, இவ்வடத்தின் 5 மீற்றர் நீளம் கருவி தரும் வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை வெப்பமாக்கி விடும். 450 மெகாஹேர்ட்ஸ் அளவிலே பேசுவோமாயின், இழப்பு மூன்றில் ஒரு பங்கை அண்மிக்கும். இது நல்ல வடத்திற்குச் சொன்ன கணக்கு. நசுங்கிய வடத்திற்கும் நீர் புகுந்த வடத்திற்கும் கணக்கே இல்லை. ஆகவே, வடம் தேவையான அளவு குறுகியதாகவும், பாதுகாப்பான வழியிற் செல்வதாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படும்போது பாதுகாப்பான வழியையே தெரிந்துகொள்ளுதல் நன்று. அரை மீற்றர் கூடுதலான வடத்தால் வரும் இழப்பு சிறிது; நசுங்கிய வடத்தாலோ தொடர்பே அற்றுப் போகும்.

வடம் செல்லும் வழியை முடிவு செய்வது ஏரியல் நிற்கும் இடம். 150 மெகாஹேர்ட்ஸ் அளவிலே அலைநீளம் 2 மீற்றர். அதன் காற்பங்காகிய அரை மீற்றர்க் கம்பி ஏரியலாகப் போதும். ஆனால் அக்கம்பி தனியே வேலை செய்வதில்லை. அதன் அடியிலே பரந்த உலோகத் தகடு இருக்க வேண்டும். அத்தகடே ஏரியலின் மற்றப் பாதி. ஆகவே சாரதி அறையின் கூரை நடுவே ஏரியலுக்கு மிகச் சிறந்த இடம். அங்கே 19 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளை இட்டு, அதிலே ஏரியலின் அடிப்பாகத்தைப் பொருத்துவர். புதிய வண்டியின் கூரையிலே துளையிட மனம் வராதோர் காந்த அடியுள்ள ஏரியலை வைப்பர். ஆயின் அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. 2015ஆம் ஆண்டு மாதிரி முதல் போர்ட் எப்-150 என்னும் அமெரிக்க பிக்கப் வண்டியின் உடல் அலுமினியத்தால் ஆனது. அத்தகைய வண்டியில் காந்த அடி பயன்படாது.

கூரை நடுவே ஏரியல் வைத்தவர்கள், வடத்தைக் கூரைத் தகட்டுக்கும் உட்புறத் துணிக்கும் இடையே பின்னோக்கி இழுத்து, பின்மூலைத் தூண் வழியாகக் கீழிறக்கி, கதவின் அடிப்படியை மூடியிருக்கும் பிளாஸ்ரிக் பட்டியின் கீழ் முன்னோக்கிக் கொண்டு வந்து, கருவியிற் சேர்க்கலாம். இவ்வழியிலே மழை இல்லை, வெயில் இல்லை, கால் மிதிப்பதும் இல்லை. ஆயினும் ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு. இக்கால வண்டிகளிலே, கதவுகளின் மேல் ஓரமாகவும் தூண்களின் உள்ளேயும் பாதுகாப்புக் காற்றுப்பைகள் மடித்து வைக்கப்பட்டுள்ளன. மோதல் நேரும்போது அவை கண் இமைக்கும் நேரத்தில் விரியும். அவற்றின் முன்னே வடம் குறுக்கிட்டால், பை சரியாக விரியாது. அன்றேல் வடமே சாட்டைபோல் வீசி ஆளைக் காயப்படுத்தும். ஆகவே, வண்டி செய்தவர்கள் தந்த கைந்நூலைப் பார்த்து, காற்றுப்பை இருக்கும் இடத்தை அறிந்து, அதன் பின்புறமாகவோ வேறு தூண் வழியாகவோ வடத்தை இறக்க வேண்டும். உயிர் காக்கப் பொருத்தும் கருவி உயிருக்கு இடையூறாகக் கூடாது.

இரண்டாவது வழி, முன்புற மூடியின் ஓரத்திலே சிறு இரும்புத் தாங்கி வைத்து, அதில் ஏரியலை நிறுத்துவது. கூரையைத் துளைக்கத் தேவையில்லை. இங்கே வடம் இயந்திர அறைக்குள் இறங்கி, அதற்கும் சாரதி அறைக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரைக் கடந்து உள்ளே வரவேண்டும். அச்சுவரிலே ஏற்கெனவே கம்பிகள் செல்லும் துளையும் அதனை மூடும் இறப்பர் வளையமும் இருக்கும். அந்த இறப்பரிலே சிறு பிளவு செய்து வடத்தைச் செலுத்தலாம். இறப்பர் வளையம் இல்லாத வெறுந் தகட்டுத் துளையிலே வடத்தை விடுவது கத்தி முனையிலே கயிற்றைக் கட்டி ஊஞ்சல் ஆடுவதற்கு ஒப்பாகும். வண்டியின் அதிர்வு நாள்தோறும் அறுத்துக்கொண்டே இருக்கும். மேலும், சூடான புகைக்குழாய், சுழலும் விசிறி, பட்டி ஆகியவற்றிற்கு எட்டத்திலே வடத்தைக் கட்ட வேண்டும். மூடியின் கீல் அருகே செல்வதாயின், மூடியைப் பலமுறை திறந்து மூடிப் பார்த்து, எவ்விடத்திலும் அது வடத்தைக் கடிக்கவில்லை என்று உறுதி செய்தல் வேண்டும்.

மூன்றாவது வழி, பின்தட்டின் ஓரத்தில் ஏரியலை நிறுத்துவது. இங்கே கெப் வண்டிக்கே உரிய ஒரு குணத்தை மறத்தல் ஆகாது. காரின் உடல் ஒரே கூடு. கெப் வண்டியிலோ சாரதி அறை வேறு, பின்தட்டு வேறு. இரண்டும் ஒரே சட்டத்தின் மேல் தனித்தனியே பூட்டப்பட்டவை. பள்ளமான பாதையிலே செல்லும்போது, அறை ஒருபுறம் சாயும். தட்டு மறுபுறம் சாயும். இரண்டிற்கும் இடையே வடத்தை இறுக்கி இழுத்துக் கட்டினால், சில மாதங்களிலே அது உள்ளே அறுந்து விடும். வெளித்தோல் நன்றாகவே தோன்றும். அவ்விடத்தில் வடத்தைச் சிறிது தளர்த்தி விடுதல் வேண்டும். தட்டிற்கும் சட்டத்திற்கும் இடையிலே வண்ணப்பூச்சும் இறப்பரும் இருத்தலால், உலோகத் தொடர்பு நன்றாக இராது. பின்னிய செப்புப் பட்டி ஒன்றால் தட்டையும் சட்டத்தையும் இணைத்தால்தான் ஏரியலுக்கு அதன் மற்றப் பாதி கிடைக்கும். வடம் வண்டியின் அடியிற் செல்வதாயின், கல்லும் சேறும் படாதவாறு நெளிகுழாய்க்குள் இட்டு, புகைக்குழாய்க்கு மறுபுறத்தில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுதல் வேண்டும்.

கதவு வழியாக வடத்தை விடுவது எல்லோருக்கும் எளிதாகத் தோன்றும் வழி. அதனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாரி காலத்திலே, எங்கள் பாடசாலை வெள்ளத்தால் இடம்பெயர்ந்தோர்க்கு உறைவிடமாயிற்று. நிவாரணப் பணிக்கு வந்த ஒரு கெப் வண்டி பாடசாலை முற்றத்திலே நின்றது. அதிலே இருவழி வானொலி இருந்தது. அவ்விரவு ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு நோவு கண்டது. பாதை முழுவதும் நீர், படகு வேண்டும். சாரதி நகரத்தை அழைத்தார். நகரத்திலிருந்து மற்ற வண்டிகளோடு பேசும் குரல் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. எங்கள் குரலோ அவர்களுக்குக் கேட்கவில்லை. கேட்கின்ற காரணத்தால் கருவி நன்றாக இருக்கிறது என்றே எல்லோரும் நம்பினோம். மீண்டும் மீண்டும் அழைத்தோம்.

எங்கள் பாடசாலையிற் படித்து மோட்டார் மெக்கானிக்காகத் தொழில் செய்யும் ஓர் இளைஞரும் அன்று அங்கே தங்கியிருந்தார். அவர் கருவியைத் தொடவே இல்லை. கூரையிலிருந்த காந்த ஏரியலிலிருந்து வடத்தை விரலாலே தடவிக்கொண்டு வந்தார். கதவின் மேல் மூலையிலே வடம் விளக்குத் திரிபோலத் தட்டையாகக் கிடந்தது. கதவைத் திறந்து, நசுங்கிய இடத்தை உருட்டித் தளர்த்தி, அதனைக் கையிற் பிடித்துக்கொண்டே, "அண்ணை, இப்ப கூப்பிடுங்கோ" என்றார். மறுமொழி உடனே வந்தது. படகும் வந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

இதன் காரணத்தை அவர் பின்னர் விளக்கினார். நகரத்து நிலையம் உயர்ந்த கம்பத்திலே ஏரியல் வைத்து மிகுந்த வலுவோடு பேசுவது; ஆதலால் கெட்ட வடம் வழியாகவும் அதன் குரல் நுழைந்து விடுகின்றது. நாம் பேசும்போதோ, நசுங்கிய இடத்திலே வலு முட்டித் திரும்பி வருகின்றது. திரும்பி வரும் வலு தன்னைச் சுட்டுவிடாமலிருக்க, கருவி தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கின்றது. எனவே, கேட்பது ஒரு சான்று அன்று. மறுமுனையிலிருப்பவர் கேட்டதாகக் கூறுவதே சான்று. கதவு வழியன்றி வேறு வழி இல்லாதபோது, தகடும் தகடும் சந்திக்கும் மூலையைத் தவிர்த்து, தடித்த மெத்தென்ற இறப்பர் உள்ள இடத்திலே வடத்தைச் செலுத்துக. கதவை மூடியபின் வடம் சிறிது அசையுமாயின் நன்று. அசையாதாயின் அது நசுங்குகின்றது என்று கொள்க.

இனி, எவ்வழிக்கும் பொதுவான சில முறைகள். வடத்தைக் கூர்மையாக மடித்தல் கூடாது. வடத்தின் பருமனைப் போலப் பத்து மடங்கு ஆரை என்பது கைக்கொள்ளத்தக்க அளவு; ஆர்.ஜி.-58 வடத்திற்கு அது 5 சென்ரிமீற்றர். அதற்கு மேல் மடித்தால், வெயிற் சூட்டிலே உள்ளிருக்கும் பொலித்தீன் இளகி, நடுக்கம்பி மெல்ல மெல்ல வலையை நோக்கி நகரும். பிளாஸ்ரிக் கட்டுகளால் வடத்தை இறுக்கி நெரித்தலும் அவ்வாறே தீது. கட்டிய பின்னும் வடம் சிறிது நழுவ வேண்டும். மிஞ்சும் வடத்தை அளவாக வெட்டிப் புதிய முனை பூட்டுதல் சிறந்தது. இயலாவிடின், இருக்கையின் கீழே பெரிய வளையங்களாகத் தளர்வாக விட்டு வைக்கலாம். வடத்தை முழுவதும் இழுத்த பின்னரே முனையைப் பூட்டுக. முனையோடு இழுப்பவர் துளையைப் பெரிதாக்க வேண்டி வரும். பெரிய துளை நீருக்கு வாசல்.

நீரைப் பற்றி ஒரு சொல். செப்பு வலை விளக்குத் திரியைப் போன்றது. ஒரு முனையிலே நீர் பட்டால் திரியிலே எண்ணெய் ஏறுவதுபோல உள்ளே ஊர்ந்து செல்லும், செப்புக் கறுத்துவிடும். வெளியிலுள்ள இணைப்புகளின் மேல், தன்மேலே தான் ஒட்டிக்கொள்ளும் இறப்பர் நாடாவைச் சுற்றுக. வடம் வண்டிக்குள் நுழையும் இடத்திற்கு முன்னே, அதனைக் கீழ்நோக்கிச் சிறிது தொங்கவிட்டுப் பின் மேலேற்றுக. வடத்தின்மேல் ஓடிவரும் மழைநீர் அத்தாழ்ந்த இடத்திலே சொட்டி விடும், உள்ளே வராது.

கருவிக்கு மின் தரும் கம்பியும் ஏரியல் வடமும் ஒன்றாகக் கட்டப்படலாகாது. வண்டியின் மின்பிறப்பாக்கி எழுப்பும் இரைச்சல் அவ்வழியே குரலோடு கலக்கும். ஒன்றை வண்டியின் இடப்புறமும் மற்றதை வலப்புறமும் கொண்டு செல்க. கடக்க நேரின் குறுக்காகக் கடக்க விடுக. 50 வாற்றுக் கருவி பேசும்போது 10 அம்பியருக்கு மேல் மின் இழுக்கும். ஆதலால் தடித்த கம்பியைப் பற்றறியிலிருந்தே நேராக இழுத்து, பற்றறிக்கு மிக அண்மையிலே உருகியைப் பொருத்துதல் வேண்டும். உருகி கருவியைக் காப்பதற்கு மாத்திரம் அன்று. வழியிலே கம்பி உராய்ந்து தகட்டைத் தொட்டால் வண்டி தீப்பற்றாமற் காப்பதற்குமாகும்.

எல்லாம் முடிந்த பின் சோதித்துப் பார்த்தல் இன்றியமையாதது. ஏரியல் கம்பியைக் கழற்றிவிட்டு, கருவிப்பக்க முனையிலே சோதனை மானியை வைத்தால், நடுக்கம்பிக்கும் வெளி உலோகத்திற்கும் தொடர்பு இருத்தலாகாது. பின் கம்பியைப் பூட்டி, நிலையலை விகிதம் காட்டும் மானியால் அளக்க வேண்டும். அது 1.5 ஆயின் வலுவில் 100க்கு 4 பங்கே திரும்பி வருகின்றது; நன்று. 3 ஆயின் காற்பங்கு திரும்பி வருகின்றது, குறையைத் தேடுக. இச்சோதனையைக் கதவுகளை மூடியும் திறந்தும், இயந்திரத்தை ஓடவிட்டும் செய்தல் வேண்டும். மாரி தொடங்குமுன் ஆண்டுக்கொருமுறை மீண்டும் செய்தல் நலம். வானொலி மூலம் பேசுவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும் நேயர்கள் மனத்திற் கொள்க. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் அதனை வேண்டுகின்றது.

நம் பாடசாலைகளின் உயர்தர வகுப்பிலே 2013ஆம் ஆண்டு முதல் தொழினுட்பவியல் ஒரு துறையாகக் கற்பிக்கப்பட்டு வருகின்றது. அதனைக் கற்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஒன்று சொல்லலாம். பளபளக்கும் கருவியை எவரும் பார்ப்பர். கம்பளத்தின் கீழே, தூணின் உள்ளே, எவரும் பாராத இடத்திலே ஒரு வடத்தைப் பொறுமையாக இழுத்துக் கட்டுகின்றவனுடைய கையிலேதான், இருளிலும் மழையிலும் உதவி கேட்கும் ஒருவருடைய குரல் இருக்கின்றது. உங்கள் ஊரின் நிவாரண வண்டியிலே வானொலி இருக்குமாயின், அதன் வடத்தை நாளைக் காலையிலே விரலாலே ஒருமுறை தடவிப் பாருங்கள்.